கேளாதார் கல்விச் சொற்கள்: திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் கல்வி குறித்து வழங்கும் சொற்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, அவற்றுட் பெரும்பாலன செவியையும் வாயையும் சார்ந்து பிறந்தவை என்பது புலனாகும். பாடங்கேட்டல், பாடஞ்சொல்லல், ஓதுதல், ஒப்பித்தல், முறைசொல்லுதல், வாய்பாடு என்பன யாவும் ஒலியுலகத்துச் சொற்களே. கேள்வி என்னும் ஒரு சொல்லே கற்றாரிடம் கேட்டுப் பெறும் அறிவையும், மாணவன் எழுப்பும் வினாவையும் உணர்த்தி நிற்கின்றது. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி வைக்கப்பட்டுள்ளது. நல்லுரை புகாத காது ஒலியை உணரினும் செவிட்டுக் காதே என்று ஆண்டு வள்ளுவர் இடித்துரைக்கின்றார். நன்னூலாரும் பாடங்கேட்கும் முறை கூறுமிடத்து, மாணாக்கன் காதாற் பருகி நெஞ்சில் தேக்கவேண்டும் என்னும் கருத்தையே அமைத்துள்ளார். திண்ணைப் பள்ளியிலும் சட்டாம்பிள்ளை உரக்கச் சொல்ல ஏனையோர் பின்னர்ச் சொல்லுதலே கல்வியாயிற்று.

செவிப்புலன் இன்றிப் பிறந்த குழவிக்கு இச்சொற்றொகுதி என்னவாகின்றது என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வினா. பள்ளி, ஆசிரியர், பாடம், தேர்வு, வினா, விடை என்பவற்றை அக்குழவி எம்மொழியில், எவரிடம், எவ்வாறு கற்றது? இவ்வினாவை யாம் தமிழகம் முழுமைக்கும் எழுப்பாது, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தே அமைந்த திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் நிலைக்களமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றோம். ஒன்றற்கொன்று மூன்று காததூரமும் இல்லாத இவ்விரண்டு ஊர்களும் இவ்வாராய்ச்சிக்கு வெவ்வேறு வகையில் துணைசெய்கின்றன. ஒன்று, கையாற் பொருளுணர்த்தும் பழங்கலையொன்று கோயிலில் இன்றும் நின்று நிலவும் ஊர். மற்றொன்று, வீட்டில் ஒரு மொழியும் வீதியில் மற்றொரு மொழியுமாகப் பல தலைமுறை வாழ்ந்தோர் உறையும் ஊர்.

முதற்கண் பழைய இலக்கியச் சான்றுகள் இரண்டனை நோக்குவோம். புறநானூற்று 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட்பிறப்பின் குறைகள் எட்டனை எண்ணுகின்றார். அவற்றுள் ஊமும் செவிடும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. பேசாமை கேளாமையின் விளைவு என்னும் எண்ணம் அக்காலத்துத் தோன்றியிருப்பின், அவற்றை அவர் அங்ஙனம் பிரித்தெண்ணியிருப்பாரோ என்பது ஐயம். இவ்விரண்டனையும் பிணைத்து நோக்கும் அறிவு ஐரோப்பாவிலும் மெல்லவே வேரூன்றியது. 16ஆம் நூற்றாண்டில் இசுபெயின் நாட்டுத் துறவியாகிய பெத்ரோ போன்சே தெ லெயோன் உயர்குடிப் பிள்ளைகள் சிலர்க்குக் கற்பித்துக் காட்டிய பின்னரே, கேளாதவர் கற்கவல்லார் என்பது ஆண்டுப் பலர்க்கு விளங்கிற்று.

இரண்டாம் சான்று குறுந்தொகை 58ஆம் பாடல். வெயில் காயும் பாறைமேல் வைத்த வெண்ணெயை, கைகள் இல்லாத ஊமன் ஒருவன் கண்ணாற் காத்திருக்கின்றான். வெண்ணெய் உருகிப் பரவுகின்றது. தலைவனது காமநோய்க்கு வெள்ளிவீதியார் கூறிய உவமை இது. கையில்லாமையால் எடுக்கவியலான், ஊமையாதலால் பிறரை அழைக்கவியலான் என்று பொருள் கொள்ளுதல் மரபு. அது பொருந்துவதே. ஆயினும் யாம் ஒன்று கூற விரும்புகின்றோம். கையுள்ள ஊமன் வெண்ணெயை எடுப்பதோடு அமையான். கையசைத்துப் பிறரைக் கூவவும் வல்லன். ஊமனுக்குக் கையே நாவாதலின், கையில் ஊமன் இருமடங்கு ஊமனாகின்றான். இவ்வுரை புலவரின் உட்கிடையா என்று உறுதி கூறுதல் அரிது. எனினும் உவமை தன் முழு ஆற்றலைப் பெறுவது இவ்வாறு கொள்ளும்போதே என்பது எம் கருத்து.

இனித் திருவில்லிபுத்தூர்க்கு வருவோம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய அவ்வூர்க் கோயிலில் அரையர் சேவை என்னும் நிகழ்ச்சி வழிவழியாக நடைபெற்று வருகின்றது. திருவரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் மேல்கோட்டையிலும் இஃது உண்டு. கூம்பிய குல்லாயணிந்து, கையில் தாளம் கொண்டு, அரையர் பாசுரத்தை இசைக்கின்றார். பின்னர் அப்பாசுரத்தின் சொற்பொருளைக் கையாலும் முகத்தாலும் அபிநயித்துக் காட்டுகின்றார். அதன்பின் வியாக்கியானம் ஓதுகின்றார். மூன்றனுள் நடுவண் நிற்பது கண்ணாற் காணும் பாசுரமாகும். கேளாதார் ஒருவர் அக்கூட்டத்தில் நின்றால், ஏனையோர் மூன்று வழியாற் பெறும் பொருளை அவர் ஒரு வழியாலேனும் பெறக்கூடும்.

இக்கலையின் தொன்மைக்குச் சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையும் சான்றாகும். ஒற்றைக் கைகளை 33 என்றும் இணைக் கைகளை 15 என்றும் அவர் வகுத்துரைக்கின்றார். எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்னும் பாகுபாடும் அவருரையில் உண்டு. உ. வே. சாமிநாதையர் அவ்வுரையை 1892ஆம் ஆண்டில் அச்சேற்றிய பின்னர், கேளாதார் சைகைமொழிக்கும் இக்கூத்தநூற் கைகளுக்கும் தொடர்பு காண விழைவார் தோன்றுதல் இயல்பே. அவ்விழைவு தவறான வழியிற் செலுத்தும் என்று யாம் அஞ்சுகின்றோம். அரையர் கை பாசுரத்தின் பின்னே செல்வது. பாசுரம் ஓரிடத்து நின்றால் கையும் நிற்கும். சொற்றொடரை அமைப்பது நா. அதற்கு வடிவு தருவது கை. கேளாதார் கை அத்தகையதன்று. அதற்கு முன்னே செல்லும் பாசுரம் இல்லை. தொடரை அமைப்பதும் கையே. வகுப்பறையில் ஆசிரியர் தமிழ்த் தொடர் ஒன்றைச் சொல்லிக்கொண்டே, சொல்லுக்கு ஒரு சைகையாகக் காட்டிச் செல்வதை அரையர் கையோடு ஒப்பிடலாம். மாணவர் தம்முள் விளையாட்டிடத்தே பேசிக்கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதவழிக் கல்விச் சொற்களின் வரலாறு விளங்காது.

சைகைமொழி இலக்கணமுடைய மொழி என்பதை முதன்முதல் நிறுவியவர் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியர். அவர்தம் ஆய்வு 1960ஆம் ஆண்டு வெளிவந்தது. கையின் வடிவு, கை நிற்கும் இடம், கையின் அசைவு என்னும் மூன்றன் சேர்க்கையால் சைகைகள் ஆகின்றன என்றும், ஒன்று மாறினும் பொருள் மாறும் என்றும் அவர் காட்டினார். தொல்காப்பியப் பிறப்பியலைக் கற்றார்க்கு இம்முறை புதிதன்று. நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களையும் அவற்றின் முயற்சியையும் கொண்டு எழுத்தின் பிறப்பை வகுத்தவர் தொல்காப்பியர். இடமும் முயற்சியும் என்னும் அந்நெறியையே ஸ்டோக்கி கைக்குக் கண்டார் எனலாம்.

இதனினும் வியப்பூட்டுவது ஒன்றுண்டு. அ, இ, உ என்பவற்றுக்கு நம் இலக்கணிகள் இட்ட பெயர் சுட்டு என்பது. சுட்டுதல் விரலின் தொழில். விரலின் தொழிலைக் கொண்டே ஒலிக்குப் பெயரிட்டனர். சைகைமொழியில் அவன், இவன், அங்கு, இங்கு என்பன யாவும் சுட்டுவிரலாலேயே உணர்த்தப்படுகின்றன. பேச்சுமொழியில் உருவகமாக நிற்பது ஆண்டு உள்ளபடியே நிற்கின்றது. வினாவும் அவ்வாறே நோக்கத்தக்கது. இந்தியச் சைகைமொழியை விரிவாக ஆராய்ந்த உல்ரிக்க செசான் என்னும் செருமானிய அறிஞர், அம்மொழியில் பொதுவான வினாச் சைகை ஒன்று உண்டு என்றும், அது தொடரின் இறுதியில் வரும் என்றும், முகம், இடம், காலம், எண் என்னும் சைகைகளோடு அது கூடி முறையே யார், எங்கு, எப்பொழுது, எத்தனை என்னும் பொருள்களைத் தரும் என்றும் எழுதியுள்ளார். எ என்னும் வினாவெழுத்துப் பொழுது என்பதனோடு கூடி எப்பொழுது என்றும், அளவு என்பதனோடு கூடி எவ்வளவு என்றும் ஆதலை இதனோடு ஒப்பிடுக. தமிழில் எகரம் முன்னிற்கும். சைகையில் வினா பின்னிற்கும். ஆம், இல்லை என்னும் விடை வேண்டும் வினாவிற்கோ தனிச் சைகை இன்று. அகன்ற கண்ணும் முன்சாய்ந்த தலையுமே வினாவாகின்றன. மெய்ப்பாடு ஈண்டு இலக்கணமாகிவிடுகின்றது.

இம்மொழி இவ்வட்டாரத்துப் பிள்ளைகளை எவ்வாறு அடைந்தது என்பதை இனிக் காண்போம். தமிழ்நாட்டில் கேளாதார் கல்விக்கு வித்திட்டவர் பிளாரன்சு சுவெயின்சன் என்னும் ஆங்கிலேய அம்மையார். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவர் பாளையங்கோட்டையில் நிறுவிய பள்ளி இன்றும் அவர் பெயராலேயே விளங்குகின்றது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தோன்றிய பள்ளிகளை அடுத்து இந்தியாவில் எழுந்த முன்னோடிப் பள்ளிகளுள் அஃது ஒன்று. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்துள்ள திருவில்லிபுத்தூர் வட்டம் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். 1910ஆம் ஆண்டில் இராமநாதபுர மாவட்டம் அமைக்கப்பட்டபோதுதான் அது திருநெல்வேலியினின்று பிரிந்தது. 1985ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டம் தனியே அமைந்தபோது மீண்டும் மாறியது. ஆகவே பாளையங்கோட்டைப் பள்ளி தோன்றிய காலத்தில் அது திருவில்லிபுத்தூரார்க்கும் இராசபாளையத்தார்க்கும் தம் மாவட்டத் தலைநகரை அடுத்த பள்ளியாகவே இருந்தது. ஆயினும் சங்கரன்கோவில் வழியாகச் செல்லும் அத்தொலைவு, ஐந்தாறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டுத் திரும்பும் பெற்றோர்க்கு எளிதான தொலைவன்று.

அப்பள்ளி தோன்றுவதற்குச் சிறிது முன்னரே, 1880ஆம் ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கேளாதார் ஆசிரியர் மாநாடு ஒன்று கூடியது. கேளாதார்க்கு வாய்ப்பேச்சே கற்பித்தல் வேண்டும், சைகையை விலக்கல் வேண்டும் என்று அம்மாநாடு முடிவு செய்தது. முடிவு செய்தவருட் கேளாதவர் அரிது. தம்மைப் பற்றிய வழக்கில் தாமே வாய்திறக்க இடம்பெறாத நிலையை என்னென்பது! அதன் நிழல் ஐரோப்பாவோடு நில்லாது இந்தியப் பள்ளிகளின்மீதும் படிந்தது. வகுப்பில் கையைக் கட்டி உதட்டை நோக்குதலே கல்வி என்னும் கொள்கை 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஓங்கி நின்றது. 2010ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடிய அதே தொடர் மாநாடு அம்முடிவுகளைப் புறந்தள்ளி வருத்தம் தெரிவித்தது. இடையே 130 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

உதட்டை நோக்கித் தமிழ் கற்றல் எத்துணை அரிது என்பதைத் தமிழாசிரியர் எளிதில் உணரலாம். பகரமும் மகரமும் ஒரே இதழிற் பிறப்பன. பாடம் என்பதும் மாடம் என்பதும் உதட்டில் ஒன்றே. பணியும் மணியும் ஒன்றே. ககரமும் ணகரமும் உள்வாயிற் பிறப்பனவாதலின் கணக்கு என்னும் பாடப்பெயரைச் சொல்லும்போது உதடு ஏறக்குறைய ஒன்றுமே காட்டுவதில்லை. இராசபாளையத்தில் இவ்வின்னல் இரட்டிக்கின்றது. அவ்வூரிற் பெருந்தொகையினராக வாழும் இராசுக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஆந்திர நாட்டினின்று வந்தோர். சென்னை மாகாண முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை விளங்கிய பூ. ச. குமாரசாமி ராசா அவ்வூரினரே. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் அவர்கட்கு இயல்பு. தெலுங்கில் 'படி' என்று மெல்லொலியோடு தொடங்கும் சொல் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும். தமிழில் படி என்பது கற்றலைக் குறிக்கும். தமிழ் மடி வேறு பொருளது. கேட்பார்க்கு மூன்றும் வெவ்வேறு. உதட்டை நோக்கும் பிள்ளைக்கு மூன்றும் ஒன்றே. கேட்கும் பிள்ளை இரண்டு மொழியையும் விளையாட்டாகவே பெற்றுவிடுகின்றது. கேளாப் பிள்ளைக்கு இரண்டும் பூட்டிய கதவுகள். எழுத்து வழக்குப் பெரிதும் இன்றியே ஒரு வீட்டுமொழி பல தலைமுறை வாழ்தல் கூடும் என்பதை அவ்வூரார் தம் வாழ்விலேயே கண்டவர். எழுத்தில்லாத காரணத்தால் சைகையை மொழியன்று எனத் தள்ளும் பிழை அவரிடத்து எளிதில் எடுபடாது என்று நம்புகின்றோம்.

சிறிதே விலகி ஒன்று கூறுவோம். இராசபாளையம் நூற்பாலைகளின் ஊர், பி. ஏ. சி. ராமசாமி ராசா அங்கு 1936ஆம் ஆண்டில் ஆலை தொடங்கினார். கதிர்கள் சுழலும் இரைச்சலில் நல்ல செவியுடையாரும் கேளாதாரே ஆகின்றனர். இங்கிலாந்தின் லங்காசயர் நெசவாலைகளிற் பணியாற்றிய பெண்கள் உதட்டை மிகுத்து அசைத்தும் கையாற் காட்டியும் பேசும் முறையொன்றை வளர்த்துக்கொண்டனர் என்பது அறியப்பட்ட செய்தி. ஆலையில் கை பேசினால் அது திறமை. வகுப்பில் கை பேசினால் அது குற்றம் என்று உலகம் கொண்டது.

வகுப்பில் விலக்கப்பட்ட கைமொழி எங்கே வளர்ந்தது? விடுதியில் வளர்ந்தது என்பதே விடையாகும். இதனைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நடு அமெரிக்காவின் நிகராகுவா நாட்டில் நேர்ந்தது. 1977ஆம் ஆண்டிலும் 1980ஆம் ஆண்டிலும் மனாகுவா நகரில் கேளாதார்க்குப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆசிரியர் கற்பித்தது உதட்டசைவும் விரலெழுத்துமே. மாணவரோ, வீட்டிலிருந்து கொணர்ந்த தனித்தனிக் குறிப்புகளைத் திடலிலும் வண்டியிலும் ஒன்றுகூட்டிப் புதுமொழியொன்றையே படைத்துவிட்டனர்; 1986ஆம் ஆண்டு முதல் சூடி கெகல் என்னும் மொழியியலார் அதனை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். கேளாப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதின் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோர்க்குப் பிறந்தவர். ஆதலின் அவர்க்குத் தாய்மொழி தாயிடத்திருந்து வருவதன்று. மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவர்க்கு வருவது அது. பாளையங்கோட்டை போன்ற விடுதிப் பள்ளிகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது என்று கருதுதற்கு இடமுண்டு. பள்ளி என்னும் சொல்லைப் பிள்ளை கற்றது ஆசிரியரிடம் அன்று. முன்னாள் வந்த பிள்ளையிடமே.

அவ்வாறு வந்த சொற்களின் இயல்பைச் சிறிது நோக்குவோம். புத்தகம் என்பதற்கு இரு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்துக் காட்டுதல் உலகின் பல சைகைமொழிகளிலும் உண்டு. நம் நாட்டிலும் அஃதே. ஏட்டுச்சுவடி அவ்வாறு விரியாது. கயிற்றில் கோத்த ஓலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுதலே அதன் முறை. ஆகவே இச்சைகை கட்டடம் செய்த அச்சுநூல் வழங்கிய காலத்தது என்பது வெளிப்படை. தமிழ்ச் சொல்லோ ஏடு என்னும் பழம்பெயரைத் தாளுக்கும் ஏற்றி வைத்துக்கொண்டது. காலத்தைக் குறிக்கும் சொல்லும் அத்தகையது. தமிழில் மணி என்பது ஒலிக்கும் பொருளின் பெயராய் நின்று, பின் நேரத்தின் பெயராயிற்று. செவி வழிவந்த சொல் அது. சைகைமொழியில் கைக்கடிகாரம் கட்டும் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுதல் காலமாகும். கண் வழிவந்த சொல் இது. பள்ளி விடும் மணியோசையை அறியாத பிள்ளைக்கு மணி நான்கு என்பது வேறு எவ்வாறு ஆகும்?

அறிதல், நினைத்தல் முதலியன நெற்றியை ஒட்டிய இடத்தே காட்டப்படுகின்றன. பெண் என்பதற்கு மூக்கின் பக்கத்தைத் தொடுதலும், ஆண் என்பதற்கு மீசையைக் காட்டுதலும் இந்தியச் சைகைமொழியில் வழக்கு. மூக்குத்தியும் மீசையும் பொருளாகிய இவ்வடிவங்கள் இந்நாட்டு மண்ணிற் பிறந்தவை என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆட்பெயரிடும் முறையும் கருதத்தக்கது. கேளாதார் குழுக்கள் எங்கும் ஆசிரியர் ஒருவர்க்கு அவர்தம் கண்ணாடியாலோ தழும்பாலோ நடையாலோ ஒரு சைகைப்பெயர் இட்டுவிடுகின்றன. பேரேட்டில் உள்ள பெயரை அவை வேண்டுவதில்லை. இயற்பெயர் அறியப்படாத சங்கப் புலவரை அவர்தம் பாட்டிற் கண்ட தொடரால் செம்புலப்பெயனீரார் என்றும் தேய்புரிப்பழங்கயிற்றினார் என்றும் வழங்கிய நம் மரபுக்கு இது மிக அண்மையது.

வட்டார வேறுபாடு பற்றியும் ஒரு சொல். மதன் வசிட்டா, சேம்சு உட்வார்டு, கிர்க் வில்சன் ஆகியோர் டில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்னும் நான்கு நகரச் சைகைகளை ஒப்பிட்டு 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் நூற்றுக்கு 75 அளவினவான சைகைகள் ஒரே மூலத்தன எனக் கண்டனர். தமிழகத்து நகர் எதுவும் அவற்றுட் சேரவில்லை. கோயம்புத்தூர் இராமகிருட்டிண மிசன் வித்தியாலயம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியச் சைகைமொழி அகராதி அக்குறையை ஒருவாறு நிறைவுசெய்தது. 2015ஆம் ஆண்டில் டில்லியில் நடுவணரசு நிறுவிய இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2018ஆம் ஆண்டில் 3000 சொற்களோடு ஓர் அகராதியை வெளியிட்டது. 2019இல் அது 6000 ஆகவும் 2021இல் 10000 ஆகவும் பெருகிற்று. கல்வித்துறைச் சொற்கள் அதில் தனிப்பகுதியாக உள்ளன. பாடநூல்களைச் சைகைமொழியிற் பெயர்த்தற்குத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகத்தோடு 2020ஆம் ஆண்டில் அம்மையம் உடன்பாடு செய்துகொண்டது.

இவ்வரலாறு தமிழ்க் கலைச்சொல்லாக்க வரலாற்றை நினைவூட்டுகின்றது. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் கலைச்சொற்கென ஒரு சங்கம் கண்டபோதும், பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1930களிற் சொற்பட்டியல்கள் தொகுத்தபோதும், எழுந்த வழக்குகள் மூன்று: பிறமொழிச் சொல்லை அவ்வாறே கொள்வதா, புதுச்சொல் படைப்பதா, மக்கள் வழக்கில் உள்ளதைத் தேடி எடுப்பதா என்பன. அவ்வழக்குகளே இன்று கைக்கும் வந்துள்ளன.

திருவில்லிபுத்தூர் வட்டாரத்திலேயே இதற்கு ஒரு களம் அமைந்தது. மதுரைச் சாலையில் கிருட்டிணன்கோவிலில் 1984ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிறுவனம், கேட்கவும் பேசவும் இயலாத மாணவர்க்கெனக் கணிப்பொறியியற் பட்டப்படிப்பு ஒன்றைத் தனியே நடத்தியுள்ளது. தொடக்கக் கல்விக்கு மேல் கேளாதார்க்குத் தையலும் அச்சுக்கோப்பும் போதும் என்றிருந்த நாட்டில் இது சிறுசெயலன்று. தரவு, நிரல், நினைவகம், வலையமைப்பு என்பவற்றுக்கு விடுதித் திடலில் சைகை பிறந்திராது. வகுப்பிலேயே பிறத்தல் வேண்டும். அந்நிலையில் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக விரலிற் காட்டுவது ஒரு வழி. இந்தியாவில் வழங்கும் இருகை விரலெழுத்து உரோமன் எழுத்துகளுக்கு உரியது. தமிழின் 247 எழுத்துகளையும் அவ்வாறு காட்டும் முறை பரவவில்லை. ஆகவே தமிழ்வழிப் பயின்று வந்த கேளாத மாணவர், விரல்வழியே ஆங்கிலத்துட் புகவேண்டியவராகின்றார். முன்னுள்ள சைகையின் பொருளை விரித்துக்கொள்வது மற்றொரு வழி. மரம், கிளை, வேர் என்பன கணிப்பொறியியலிலும் கலைச்சொற்களே. மரத்தைக் காட்டும் கையை அப்படியே ஆளலாம். நெற்றியிற் காட்டும் நினைவு, பொறியின் நினைவகத்திற்கும் ஆகும். எம்மைக் கேட்பின் இவ்வழியே சிறந்தது என்போம். மாணவர் தாமே இணங்கி ஏற்ற சைகையே நாளை வாழும். பட்டியலிற் பிறந்து பட்டியலிலேயே மாண்ட கலைச்சொற்களைத் தமிழ் மிகப் பல கண்டுள்ளது.

சட்டம் இன்று கேளாதார் பக்கம் நிற்கின்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழி அறிந்த ஆசிரியரை அமர்த்துதலை அரசின் கடனாக்கியது. 2020ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கையும் சைகைமொழியை ஏற்றது. 2021ஆம் ஆண்டு முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அதனை ஒரு மொழிப்பாடமாகவே பயிலலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகட்குச் செவிநத்தைக் கருவி பொருத்தும் அறுவை தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குவதால், அடுத்த தலைமுறையிற் கேட்போர் தொகை மிகும். இவை நலமே. ஆனால் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நிற்கின்றது. அது பற்றியே யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

பழைய முறை பிள்ளையை வீட்டினின்று பிரித்தது. ஆயின் ஒரு மொழிக் கூட்டத்திற் சேர்த்தது. புதிய முறை பிள்ளையை அண்டைப் பள்ளியிலேயே, வீட்டாரோடு வைக்கின்றது. ஆயின் அப்பள்ளியில் அப்பிள்ளை ஒருவனே கேளாதவன். சிறப்பாசிரியர் குறித்த நாள்களில் வந்து செல்கின்றார். பாடநூல் உண்டு, தேர்வு உண்டு, பொதுத்தேர்வில் மொழிப்பாடம் ஒன்றற்கு விலக்கும் உண்டு. கையாற் பேச எதிரே கை இல்லை. அகராதியின் 10000 சொற்களும் திரையில் இருக்க, அவற்றை ஆளுதற்கு ஒரு தோழன் இல்லாத நிலை மொழியறிந்த நிலையாகாது. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் கேட்டற்குறையுடையோர் இந்தியாவில் 50,71,007 பேர் எனக் காணப்பட்டது. இவ்வெண் பெரிதாயினும், ஓர் ஊரில் ஒரு வகுப்பில் அது பெரும்பாலும் ஒன்றேயாகும். திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் சூழ்ந்த சிற்றூர்களிலும் தனித்தனியே அமர்ந்திருக்கும் பிள்ளைகளை வாரத்தில் இருநாளேனும் ஓரிடத்திற் கூட்டுதல் கூடாததொன்றன்று. இரண்டு ஊர்க்கும் இடையே பேருந்துகள் இடையறாது ஓடுகின்றன. அக்கூட்டத்திற் பெற்றோரையும் சேர்த்தல் வேண்டும். விடுமுறைக்கு வீடு திரும்பிய விடுதிப் பிள்ளை தேர்வு என்று கையாற் கூற, அன்னை அறியாது உணவு வைத்த காலம் ஒன்றிருந்தது. இன்று பிள்ளை வீட்டிலேயே உள்ளது, அறியாமையும் வீட்டிலேயே உள்ளது.

மூத்த தலைமுறையின் சைகைகளையும் காலந்தாழ்த்தாது பதிவுசெய்தல் வேண்டும். பாளையங்கோட்டையிலும் பிற விடுதிப் பள்ளிகளிலும் பயின்று இவ்வட்டாரத்தில் வாழும் முதியோரே அதற்கு நூலகம். அகராதியில் ஏறிய பொதுச்சைகை ஒன்றாக இருப்பினும், அவர்தம் கையில் உள்ளது வேறாக இருக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர் ஒருவர் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்பது போன்றே இதனையும் தொகுக்கலாம்; குறிப்பேட்டுக்கு மாறாக ஒளிப்படக்கருவி வேண்டும், அத்துணையே. சிலேட்டில் எழுதிக் கற்றோர் எழுதுதல் என்பதற்கு இடக்கையை எவ்வாறு ஏந்துகின்றனர், தாளில் எழுதிக் கற்றோர் எவ்வாறு ஏந்துகின்றனர் என்பதிலிருந்து அத்தொகுப்பைத் தொடங்கலாம்.